கறையான் ஸ்வரம்

மதியம் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் கண்ணயர்வதில் தப்பொன்றும் இல்லை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் இசை கற்பித்தவள் நான். உண்ட மயக்கத்தில் ஆசிரியர் அறை மேசைமேலேயே தலைசாய்த்துவிட்டவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். யாரையும் எழுப்பியதில்லை. தூங்குகிறவரை எழுப்பும் பழக்கம் எனக்குக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் நீங்கள் அதைத்தான் கேட்கப்போகிறீர்கள்.

நீங்கள் மலாய் மொழியில் தட்டச்சு செய்கிறீர்கள், நான் தமிழில் சொல்கிறேன். நடுவில் எதுவும் சிந்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். என் பெயர் ரெஜினா புனிதா. வயது அறுபத்துமூன்று. திருமணம் செய்துகொள்ளவில்லை. பிரிக்பீல்ட்ஸில், மோனோரயில் ஜன்னலுக்கு நேரே போகும் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். பக்கத்திலேயே இருக்கும் புனித அகத்தா பேராலயத்தில் முப்பத்தாறு வருடம் ஆர்கன் வாசித்தேன். ஆர்கன் பழுதுபார்ப்புக் குழுவின் செயலாளரும் நான்தான். கூட்ட நிகழ்ச்சிக் குறிப்புகள் எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. வேண்டுமானால் கொண்டுவந்து தருகிறேன். ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது.

அந்த ஆர்கனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில் அது இங்கிலாந்திலிருந்து கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்கியது. எழுபத்திரண்டு மரப்பெட்டிகள். ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் குழல்கள். சின்னது பென்சில் அளவு, பெரியது இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே. ஜப்பான்காரன் காலத்தில் முன்வரிசையிலிருந்து இருபத்தெட்டு உலோகக் குழல்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எழுபத்தொன்றாம் வருட வெள்ளத்தில் கீழே வைத்திருந்த காற்றடிக்கும் மோட்டார் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தது. பிறகு ஒரு புண்ணியவான் துருத்தியின் தோல் கிழிந்த இடத்தில் கார் சீட்டு ரெக்சினை ஒட்டிவைத்தார். வௌவால், அணில், ஒருமுறை ஒரு முழுத் தேன்கூடு. எல்லாவற்றுக்கும் மேலே கறையான். இந்த நாட்டில் மரத்தால் எதைச் செய்தாலும் அது கறையானுக்குச் செய்ததுதான். கோயில் வெளியிட்ட மலர்ப் புத்தகத்தில் நான்காம் பக்கத்திலிருந்து ஒன்பதாம் பக்கம்வரை இந்த வரலாற்றை எழுதியவளும் நான்தான்.

நான் வாசிக்க வந்த இரண்டாம் வருடம் ஈஸ்டர் பூசைக்கு ஆயர் வந்திருந்தார். காணிக்கைப் பாட்டின் நடுவில் ஒரு ஸ்வரம் பிசகி ஒலித்தது. கோயில் முழுக்கத் திரும்பி, ஆர்கன் இருக்கும் மேல்மாடத்தைப் பார்த்தது. அப்போதைய பங்குத்தந்தை வயதானவர், நகைச்சுவை உள்ளவர். பிரசங்கத்தின்போது, "நம்ம ஆர்கனுக்குள்ள கறையானும் சேர்ந்து பாடுது, ஆண்டவர் அதையும் ஏத்துக்குவாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அதற்குக் கறையான் ஸ்வரம் என்று பெயர் வந்துவிட்டது. ஒவ்வொரு பூசையிலும் இரண்டு முறை, மூன்று முறை வரும். பாடகர் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களிடம், "அது ஆர்கனோட கோளாறு, டீச்சர் என்ன செய்வாங்க" என்று மூத்தவர்கள் சொல்லிவைப்பார்கள். இத்தனை கோளாறுள்ள ஆர்கனைப் பொறுமையாக வாசிக்கிறேன் என்று என்னைப் பாராட்டி இருபத்தைந்தாம் வருடம் ஒரு பொன்னாடையும் போர்த்தினார்கள். நானும் பொறுமையாகத்தான் வாசித்தேன்.

பழுதுபார்க்கத் தீர்மானித்தவர் இப்போதைய பங்குத்தந்தை, ஃபாதர் சின்னையா. நான் எதிர்க்கவில்லை. எதிர்த்ததாக யாராவது சொன்னால் நிகழ்ச்சிக் குறிப்பைப் பாருங்கள். பழமையான ஒன்றை அவசரப்பட்டுத் தொடக்கூடாது என்று மட்டும் சொன்னேன். நான்கு கூட்டங்களில் சொன்னேன். ஐந்தாம் கூட்டத்தில் தம்புசாமியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தம்புசாமி கிள்ளான்காரர். இந்து. வயது ஐம்பத்தெட்டு. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். பிறகு எப்படியோ ஆர்கன் பழுதுபார்ப்பில் இறங்கி, மலாக்காவிலிருந்து பினாங்குவரை நாலைந்து ஆர்கன்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். நெற்றியில் திருநீறோடு வருவார். மேல்மாடப் படிக்கட்டின் அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, பீடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே ஏறுவார். ஆர்கனுக்குள் வெறுங்காலோடுதான் நடப்பார். ஈயம் கலந்த குழல் வெண்ணெய் மாதிரி, செருப்புக்கால் பட்டால் நசுங்கிவிடும் என்பார். நல்ல மனிதர். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

பதினான்கு மாதம் வேலை செய்தார். ஒவ்வொரு குழலாக எடுத்து ஊதிப் பார்த்து, துடைத்து, ஒரு நோட்டில் எழுதிவைப்பார். ரெக்சினைக் கிழித்துப் போட்டுவிட்டு நல்ல ஆட்டுத்தோல் ஒட்டினார். ஒவ்வொரு வாரமும் ஆர்கன் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகிக்கொண்டே வந்தது. கண்ணாடியைத் துடைப்பதுபோல் என்று ஃபாதர் சொல்வார். ஒரு கண்ணாடியை எந்த அளவுக்குத் துடைக்கலாம் என்பதில் எனக்குத் தனியான கருத்து உண்டு. அதை நான் வெளியில் சொல்லவில்லை.

காலை முழுக்கச் சுருதி சேர்த்தால் காது களைத்துவிடும் என்று அவருக்கு ஒரு கொள்கை. ஒரு மணிக்குக் கீழே போய் வாழையிலைச் சாப்பாடு. திரும்பி வந்து ஆர்கனுக்குள் பெரிய மரக்குழல்களுக்குப் பின்னால், கல்சுவரை ஒட்டி இரண்டடி அகலத்தில் ஒரு பலகை இருக்கும், அதில் படுத்துவிடுவார். கோயிலிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். இரண்டு காதிலும் பஞ்சு. "காதுக்கும் லஞ்ச் பிரேக் வேணும்லா டீச்சர்" என்பார். போனை அணைத்து மேல்மாட ஜன்னலில் வைத்துவிடுவார். மூன்று மணிக்குத் தானாக எழுந்து வருவார். குழுவில் என்னைத் தவிர யாருக்கும் இது தெரியாது. மற்றவர்கள் யாரும் பகலில் அங்கே வருவதில்லை.

வேலை முக்கால்வாசி முடிந்திருந்தபோது அந்த மரக்குழல்களுக்குள் புதிதாகப் பொடி விழுந்திருப்பதைக் கண்டார். கறையான் மறுபடியும் உயிரோடு இருக்கிறது. புகை போடாமல் மூடினால் பத்து வருடத்தில் திரும்பவும் இதே கதை என்றார். மேல்மாடத்தில் ஆர்கன் அறையை மட்டும் பிளாஸ்டிக் போட்டு அடைத்து, உள்ளே விஷவாயு செலுத்தி, ஒருநாள் முழுக்க அப்படியே விட வேண்டும். அவர்தான் கேட்டார், குழு ஒத்துக்கொண்டது. ஒரு பூச்சி ஒழிப்பு நிறுவனத்தோடு பேசி, செப்டம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணி என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். அவர்களுக்குத் தொடர்பு எண்ணாக என்னுடைய எண்ணைக் கொடுத்திருந்தேன்.

அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் ஆர்கனில் உட்கார்ந்து காணிக்கைப் பாட்டை வாசித்துப் பார்த்தேன். அந்தப் பாட்டுக்கு வேண்டிய குழல்கள் எல்லாம் சரிசெய்யப்பட்டு இடத்துக்கு வந்திருந்தன. தம்புசாமி பக்கத்தில் நின்று கேட்டார். முடித்ததும் கைத்துண்டால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் கடைசியில். "அந்தக் கட்டைய நான் மூணு தடவ கழட்டி மாட்டிட்டேன். பைப்ப வெளிய எடுத்து ஊதிப் பாத்துட்டேன். அதுல ஒண்ணுமே இல்ல."

"அப்படியென்றால் வேறெங்கேயோ இருக்கும்" என்றேன்.

"நானும் அப்படித்தான் தேடினேன். மூணு வாரமா." அவர் என் பக்கத்தில் பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்தார். இரண்டே விரல்களால், பள்ளிப் பிள்ளை மாதிரி, அதே பாட்டின் அதே இடத்தை வாசித்தார். "இப்ப கேளுங்க. நான் வாசிச்சா வரல. நீங்க வாசிச்சா வருது. உங்க நாலாவது விரல் பக்கத்துக் கட்டைல விழுது டீச்சர். எப்பவும் அதே எடத்துல."

இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. தெரியவில்லை என்பதும் சரியான வார்த்தையல்ல. அவர் அதைச் சரியாக வாசிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு விரலால் வாசிப்பது வாசிப்பு ஆகாது.

அவர் அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். கோயிலில் எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை, ஆனாலும் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சத்தியமா. நீங்க கவலப்படாதீங்க, நான் ஒண்ணு பண்றேன். அந்த ஒரு பைப்ப மட்டும் லேசா தட்டிவிட்டுடறேன். கேட்டா, அது பழைய பைப்பு, இதுக்குமேல என்னால முடியலன்னு சொல்லிக்கறேன். எம் பேருதானே போவும், போனா போவட்டும்லா. முப்பத்தாறு வருஷம் வாசிச்சிருக்கீங்க."

அவர் ஏதோ பெரிய உதவி செய்வதாகத்தான் நினைத்தார். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள், உங்கள் கை நின்றுவிட்டது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நல்ல குழல் ஒன்றை வேண்டுமென்றே கெடுப்பது. அதைக் கோயிலுக்குள் செய்வது. அதற்கு என்னையும் உடந்தையாக்குவது. நான் வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழகாதவள். இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த மனிதர் எங்கோ கிள்ளானில் உட்கார்ந்து என்மேல் இரக்கப்பட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு நான் எப்படிப் பூசைக்கு வாசிக்க முடியும்?

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். "மெதுவா சொல்லுங்க, அவசரமில்ல" என்றார்.

பன்னிரண்டு மணிக்குப் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தின் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். ஷாஹுல் ஹமீது என்று பெயர். சுங்கை பூலோவில் ஒரு வேலை ரத்தாகிவிட்டதாம். ஐந்து மணிக்குப் பதிலாக இரண்டு மணிக்கே வரலாமா என்று கேட்டார். வாருங்கள் என்றேன். இதில் திட்டம் ஏதும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டார், நான் வசதிப்படும் என்றேன். தம்புசாமியிடம் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. அவர் அப்போது குழலுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு வரட்டும் என்று விட்டேன். ஒன்று இருபதுக்குத் திரும்பி வந்தார், ஏப்பம் விட்டுக்கொண்டே. "ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டு வரேன் டீச்சர்" என்று படியேறினார். சாப்பிட்டுத் தூங்கப்போகிறவரிடம் போய் வேலை விஷயம் பேசுவது அழகல்ல.

ஒன்றே முக்காலுக்குப் படிக்கட்டின் அடியில் கிடந்த அவர் செருப்பை எடுத்து, பூசை உடுப்புகள் வைக்கும் அறையின் அலமாரியில் அடித்தட்டில் வைத்தேன். இரண்டையும் ஜோடி சேர்த்துத்தான் வைத்தேன். வருகிறவர்கள் தடுக்கி விழக்கூடாதே என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஞாபகமிருக்கிறது.

ஷாஹுல் ஹமீது சரியாக இரண்டு மணிக்கு, லோரியில், மூன்று ஆட்களோடு வந்தார். நாகப்பட்டினத்துப் பக்கம் சொந்த ஊர். இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. மரியாதையான ஆள். "டீச்சர், உள்ள யாரும் இருக்காங்களா?" என்று முதல் கேள்வியே அதுதான் கேட்டார்.

"எல்லாரும் போயாச்சு தம்பி" என்றேன்.

"எதுக்கும் நா ஒரு தடவ உள்ள போய்ப் பாத்துடறேன்."

"டார்ச் அடித்து வாசலிலிருந்து பாருங்கள். கீழே குழல்கள் கிடக்கின்றன. ஈயம். கால் பட்டால் நசுங்கிவிடும். நூறு வருடத்துப் பொருள்." நான் பேச்சிலும் கொஞ்சம் எழுத்துத் தமிழ்தான், மன்னிக்கவும். முப்பத்தொரு வருடப் பழக்கம்.

அவர் வாசலில் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். மரக்குழல்களின் முதுகுதான் தெரிந்திருக்கும். "யாராச்சும் இருக்கீங்களா?" என்று இருமுறை குரல் கொடுத்தார். பிறகு படிவத்தை நீட்டினார். அறை சோதிக்கப்பட்டது, காலியாக உள்ளது, கட்டடப் பொறுப்பாளர் கையெழுத்து. போட்டேன். ஆட்கள் பிளாஸ்டிக் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டினார்கள். டேப் கிழிக்கிற சத்தம் அந்தக் கோயிலில் பெரிதாகவே எதிரொலித்தது. தம்புசாமி பஞ்சை நன்றாகத்தான் திணித்திருக்கிறார்.

சிலிண்டரை எடுத்துவர அவர்கள் நால்வரும் கீழே இறங்கினார்கள். ஐந்து நிமிடம் மேல்மாடத்தில் நான் மட்டும் இருந்தேன். பிளாஸ்டிக்குக்குப் பின்னால் தம்புசாமியின் குறட்டை கேட்டது. சீரான, கனமான குறட்டை. ஸ்வரத்தில் சொன்னால் இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் இருந்தது. எஃப்-க்குச் சற்றுக் கிட்ட. இதை அப்படியே எழுதுங்கள், இன்ஸ்பெக்டர். சுருக்க வேண்டாம்.

வாயு திறந்ததும் எல்லாரும் வெளியே வந்து முன்வாசல் மண்டபத்தில் நின்றோம். கதவைப் பூட்டி மண்டையோட்டுப் படம் போட்ட அறிவிப்பை மாட்டினார்கள். ஒருவன் போய்ப் பையில் கட்டிய தே தாரேக் டீ வாங்கிக்கொண்டு வந்தான். எனக்கும் ஒன்று கொடுத்தான், சீனி அதிகம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போயிருக்கும். ஷாஹுல் ஹமீது கதவுப் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"டீச்சர், உள்ள ஏதோ தட்டுற மாதிரி இல்ல?"

"மரம் தம்பி" என்றேன். "பழைய மரம். வெயிலுக்கு விரியும்."

"இல்ல டீச்சர், இது…"

அப்போது மோனோரயில் போனது. அது போய் முடிந்தபோது உள்ளே சத்தம் எதுவும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தாறு வருடம் அந்த ஆர்கனோடு வாழ்ந்தவள் சொல்கிறாள் என்றால் நம்பத்தானே வேண்டும். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, பிறகு இரண்டு. முதல் மூன்றில் இருந்த தாளம் பின் இரண்டில் இல்லை.

மாலை ஏழு மணிக்குத் தம்புசாமியின் மனைவி ரோகிணி போன் செய்தார். "அவரு இன்னும் வரல டீச்சர், போனும் கெடைக்கல." ரயில் தாமதமாக இருக்கும் என்றேன். "ஆமா டீச்சர், அப்படித்தான் இருக்கும்" என்று அவரே என்னைச் சமாதானப்படுத்தினார்.

மறுநாள் மாலை திறந்தபோது நடந்ததெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. தம்புசாமி பலகையிலிருந்து எழுந்து மரக்குழல்களைத் தாண்டி வந்திருந்தார். கீழே கிடந்த உலோகக் குழல் ஒன்றைக்கூட மிதிக்கவில்லை என்று ஃபாதர் சொல்லி அழுதார். செருப்பை அலமாரியில் கண்டுபிடித்தபோதும் ஃபாதர், "கோயில்ங்கற மரியாதைல உள்ள எடுத்து வச்சிருக்காரு பாருங்க" என்று அழுதார். உங்கள் ஆட்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை, என்னை யாரும் கேட்கவில்லை.

கிள்ளானுக்கு இறுதிச் சடங்குக்குப் போனேன். ரோகிணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தி எப்பவும் பெருமையாத்தான் பேசுவாரு, அந்த ஆர்கன வச்சிக்கிட்டு இவ்ளோ நாள் சமாளிச்சாங்களேன்னு" என்றார். பறையடித்தவர்களில் ஒருவன் தாளம் தப்பிக்கொண்டே இருந்தான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

மிச்ச வேலையைச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வந்து முடித்தார். தம்புசாமியின் நோட்டைப் பார்த்தே மரக்குழல்களை இடத்தில் நிறுத்தினார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரியில், புனித அகத்தா திருநாளன்று ஆர்கன் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப்பட்டது. நான் வாசித்தேன். காணிக்கைப் பாட்டில் அந்த ஸ்வரம் வந்திருக்க வேண்டும். கீழே சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதிலிருந்து தெரிந்தது. பூசை முடிந்து ஃபாதர் பேசினார். தம்புசாமி சரிசெய்யாமல் விட்டுப்போன ஒரே ஸ்வரம் அது. இனி அதை யாரும் தொட வேண்டாம், அவர் நினைவாக அப்படியே இருக்கட்டும் என்றார். கைதட்டினார்கள். அன்றிலிருந்து அதற்குத் தம்புசாமி ஸ்வரம் என்று பெயர். தன் பேர் போனால் போகட்டும் என்று தம்புசாமி சொன்னார் அல்லவா? சொன்னபடியே செய்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அந்த விதத்தில் எங்களுக்குள் பேசி முடித்ததுபோலவே ஆகிவிட்டது. ஷாஹுல் ஹமீதின் மேல் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்குப் போட்டார்கள். அவர் உள்ளே நடந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவருக்காக நான் தினமும் ஜெபித்தேன்.

இப்போது நான் இங்கே வந்த காரணத்துக்கு வருகிறேன்.

போன மாதம் நீதிமன்றத்தில் என்னைச் சாட்சியாக விசாரித்தார்கள். ஷாஹுல் ஹமீதின் வக்கீல் திருமுருகன். சின்ன வயது, நல்ல குரல். தட்டும் சத்தம் பற்றிக் கேட்டார். எனக்கு எதுவும் கேட்கவில்லை, மரம் விரிகிற சத்தம்தான் என்றேன். அவர் ஒரு ஃபைலை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு ஏதோ செய்தார். பிறகு ஃபைலை இறக்கிவிட்டு, மிக அன்பாக, "டீச்சர், இப்ப நான் உங்ககிட்ட மூணு கேள்வி கேட்டேன். ஒண்ணுக்கும் நீங்க பதில் சொல்லல" என்றார்.

அங்கே மின்விசிறி சத்தம். யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் பின்வரிசையிலிருந்து பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். திருமுருகன் நீதிபதியைப் பார்த்து, தன் கட்சிக்காரர் சத்தத்தைக் கேட்டார், கேட்டதும் பொறுப்பாளரிடம் சொன்னார், பாவம் அந்த அம்மாவுக்கு வயதான காது, உள்ளே தூங்கியவர் குறட்டை விட்டிருந்தாலும் கேட்டிருக்காது, தட்டினதும் கேட்டிருக்காது, தெரியாமல், மரச் சத்தம் என்று சொல்லிவிட்டார், இதில் யார்மேலும் குற்றமில்லை என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ரோகிணியும் தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க டீச்சர், காது கேக்கலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. என்னைக் கேட்காமலே கூடியது. எனக்குக் காதுக் கருவி வாங்கித் தருவதாக ஒரு தீர்மானம். ஓய்வு கொடுத்து இன்னொரு பொன்னாடை போர்த்துவதாக ஒரு தீர்மானம். ஆர்கனுக்குச் சிரம்பானிலிருந்து ஒரு பெண்ணை அழைப்பதாக ஒரு தீர்மானம். ஃபாதர் சின்னையா என் தோளைத் தட்டி, "இத்தன வருஷம் காது கேக்காமலே சேவ பண்ணியிருக்கீங்களே டீச்சர், அது எவ்வளவு பெரிய தியாகம்" என்றார். பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் அதையே என் காதருகே வந்து, ஒவ்வொரு எழுத்தாக, கத்திச் சொன்னார்.

இதற்கு மேல் ஒரு பொய்யைச் சகித்துக்கொண்டிருக்க என்னால் முடியாது, இன்ஸ்பெக்டர். நீதிமன்றப் பதிவேட்டில் என் காதைப் பற்றி எழுதியிருப்பது முழுப் பொய். அதனால்தான் நானே வந்தேன். யாரும் என்னை அழைத்து வரவில்லை. எழுதுங்கள்: தம்புசாமி உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். செருப்பை ஒளித்துவைத்தவள் நான். அவர் குறட்டையை நான் கேட்டேன். அவர் தட்டியதையும் கேட்டேன், ஐந்து முறை. கேட்டும் கதவைத் திறக்கவிடவில்லை. வாய்ப்பு வந்தது, அவர் சாக வேண்டும் என்று விரும்பினேன், செத்தார். ஷாஹுல் ஹமீதை விட்டுவிடுங்கள். அவருக்கு நான்கு பிள்ளைகள். ஆனால் அதற்காக நான் வந்தேன் என்று எழுதிவிட வேண்டாம். நான் கேட்டேன் என்பதுதான் விஷயம். ஒவ்வொன்றையும் தெளிவாகக் கேட்டேன்.

அந்தத் தாளை நீங்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரிப் பரிசோதனை முடிவுதானே? வக்கீல் கேட்டதால் போன வாரம் நானே போய் உட்கார்ந்து எடுத்துக்கொண்டது. இரண்டு காதிலும் பாதிக்கு மேல் கேட்காது, முப்பது வருடத்துக்கும் மேலாகவே இப்படித்தான் இருந்திருக்கும் என்று அந்த டாக்டர் பெண் எழுதியிருக்கிறாள். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன், படித்த பிள்ளை. ஆனால் அந்த அறையில் இருந்த கருவியை நீங்கள் பார்க்க வேண்டும். எந்தக் காலத்துப் பொருளோ தெரியவில்லை, பாதி நேரம் சத்தமே வரவில்லை. யாராவது நல்ல ஆளாகப் பார்த்து அதைப் பழுதுபார்க்கச் சொல்லுங்கள்.